படிக்காத புத்தகங்கள் யாருடைய கடன்?

(ஆழ்வார்பேட்டையில் ஒரு வாசிப்பு வட்டத்தின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



'வாங்கிக் குவிக்கிறோம், படிக்கிறோமா?' என்பது எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு. தலைப்பை வாசித்ததும் முன்வரிசையில் நாலைந்து பேர் சிரித்தீர்கள். ஜனவரி மாதம் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்திலிருந்து இரண்டு கையிலும் பை கனக்க வெளியே வந்தவர்களின் சிரிப்பு அது. பத்து விழுக்காடு கழிவு, நண்பரிடம் கைமாற்று, மாதக் கடைசிக்கு வைத்திருந்த பணம் எல்லாம் சேர்த்து வாங்கியதில் எத்தனை இன்னும் பையை விட்டே வெளியே வரவில்லை என்பது அவரவருக்குத் தெரியும்.

படிக்காமல் அடுக்கி வைப்பதற்கு ஜப்பானியர்கள் ஒரு தனிச்சொல் வைத்திருக்கிறார்கள்: சுண்டோகு. நம்மிடம் சொல் இல்லை, ஏச்சு இருக்கிறது. 'இத்தனையையும் வச்சு அடுப்பா எரிக்கப் போற?' என்று வீட்டில் கேட்பார்கள். இந்தப் பழக்கத்தைத் தனிமனிதரின் பலவீனம் என்று எடுத்துக்கொண்டால் பேச்சை ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம். ஒன்றைப் படித்து முடித்த பிறகு அடுத்ததை வாங்குங்கள், பட்டியல் போடுங்கள், கைப்பேசியை அணைத்து வையுங்கள். அதைச் சொல்ல ஆயிரம் காணொளிகள் இருக்கின்றன. நாம் வேறு மூன்று கேள்விகளைக் கேட்போம். எழுத்து மறுக்கப்பட்ட சமூகத்திலிருந்து வருகிறவருக்குப் புத்தகம் வாங்கும் ஆசை ஏன் வெறியாகிறது? அந்த வெறியால் என்ன விளைந்திருக்கிறது? அதற்கு யார் விலை கொடுத்தார்கள்?

இந்தக் கேள்விகளுக்கு இந்தியாவில் ஒருவரைவிட நல்ல சான்று கிடையாது. பாபாசாகேப் அம்பேத்கர்.

அவருடைய புத்தகப் பித்து நியூயார்க்கில் தொடங்கியதாகப் பலர் நினைக்கிறார்கள். அது பம்பாயில், பரேல் பகுதியில் ஒற்றை அறைக் குடித்தனத்தில் தொடங்கியது. படை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அப்பா ராம்ஜி சக்பாலுக்கு ஓய்வூதியம் சொற்பம். பையன் புத்தகம் கேட்டால் மணமாகிப் போன மகள்களிடம் போய்க் கடன் கேட்பார். அவர்களிடமும் பணம் இல்லையென்றால் நகையை வாங்கி அடகு வைப்பார். ஓய்வூதியம் வந்ததும் மீட்டுத் திருப்பிக் கொடுப்பார். தனஞ்சய் கீர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இது வருகிறது. பள்ளிப் பாடத்துக்கு வெளியே அம்பேத்கர் படித்த முதல் புத்தகங்களின் விலை அக்காக்களின் நகை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு இங்கேதான் திரும்பி வருவோம்.

அதே பையன் பள்ளியில் சமஸ்கிருதம் படிக்க விரும்பினான், தீண்டத்தகாதவன் என்பதால் மறுத்தார்கள். பாரசீகம் எடுத்துப் படித்தான். 'இந்த நூல் உனக்கில்லை' என்று ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். அவர் வாழ்நாள் முழுவதும் அந்த நூலைத் தேடிக்கொண்டே இருப்பார். பின்னாளில் சமஸ்கிருத நூல்களை மூலத்திலும் மொழிபெயர்ப்பிலும் வரவழைத்து, சாத்திரங்களை வரிவரியாகக் குறுக்கு விசாரணை செய்தவர் இந்தப் பையன்தான். பெருமைக்காக வாங்குகிற ஒருவர், கேட்ட இடத்தில் கதவைச் சாத்தியதால் வாங்குகிற ஒருவர் என இரண்டு பேரை ஒரே நோயாளிப் பட்டியலில் சேர்க்க முடியாது.

1913இல் பரோடா அரசின் உதவித்தொகையில் கொலம்பியா பல்கலைக்கழகம் போகிறார். அந்த உதவித்தொகையில் ஒரு பகுதி ஊரில் இருக்கும் குடும்பத்துக்குப் போக வேண்டும். மிச்சத்தில் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு நியூயார்க்கின் பழைய புத்தகக் கடைகளில் அலைகிறார். ஏறத்தாழ 2000 புத்தகங்கள் சேர்த்ததாகச் சொல்வார்கள். மூன்று ஆண்டுகளில் இரண்டு பட்டங்களுக்கு உழைத்துக்கொண்டிருந்த மாணவர் அவை அத்தனையையும் அங்கேயே அட்டையிலிருந்து அட்டைவரை படித்திருக்க முடியுமா? முடியாது. அவர் வாங்கியது அந்த மூன்று ஆண்டுகளுக்காக அல்ல. ஊருக்குத் திரும்பினால் எந்த நூலகம் தன்னை உள்ளே விடும், எந்த நூலகத்தில் இந்தப் புத்தகம் இருக்கும் என்று தெரியாத ஒருவர் சேமித்த பொருள் அது. பஞ்சம் பார்த்த வீட்டில் தானியத்தைச் சேர்த்து வைப்பார்களே, அப்படி.

அவற்றில் ஒரு பகுதிதான் அவர் கைக்கு வந்து சேர்ந்தது. 1917இல் இலண்டனிலிருந்து திரும்பும்போது அவருடைய உடைமைகளை ஏற்றி வந்த கப்பல் நீர்மூழ்கித் தாக்குதலில் கடலில் போனது. உலகப்போர்க் காலம். உடைமைகளுக்குக் கிடைத்த இழப்பீட்டுப் பணத்தில்தான் பரோடாவுக்கு வேலைக்குப் போகிறார். அங்கே நடந்தது நம் எல்லோருக்கும் தெரியும். தங்க இடம் இல்லை. ஒரு பார்சி விடுதியில் வேறு பெயரில் தங்குகிறார். சில நாளில் கம்போடு ஒரு கூட்டம் வந்து அறையைக் காலி செய்யச் சொல்கிறது. கொலம்பியாவில் படித்துவிட்டு வந்தவருக்கு அந்த ஊரில் ஓர் அறை இல்லை.

அறை மறுக்கப்பட்ட அந்த மனிதர்தான் 1930களின் தொடக்கத்தில் தாதரில், இந்து காலனியில், ராஜகிருகத்தைக் கட்டுகிறார். குடும்பத்துக்குக் கீழ்த்தளம், புத்தகங்களுக்கும் அலுவலகத்துக்கும் மேல்தளம். புத்தகத்துக்காகவே திட்டமிட்டுக் கட்டிய வீடு. தொகுப்பு ஐம்பதாயிரத்தைத் தொட்டது என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. பக்கத்தில் இன்னொரு மனையில் சார்மினார் என்று ஒரு கட்டடம் கட்டினார். அதை 1941இல் விற்றார். கடனை அடைக்கவும் புத்தகம் வாங்கவும் அந்தப் பணம் போனது. நம் ஊர்க்காரர் ஒருவர் அப்படிச் செய்திருந்தால் 'வீட்டை வித்துப் புத்தகம் வாங்கினவன்' என்று மூன்று தலைமுறைக்குப் பேசியிருப்பார்கள்.

சரி, இதனால் என்ன விளைந்தது? இரண்டே புத்தகங்களைச் சொல்கிறேன்.

ஒன்று, அவர் வாங்காத புத்தகம். 1907இல் மெட்ரிகுலேஷன் தேறியதற்குப் பாராட்டுக் கூட்டம் நடக்கிறது. கேளுஸ்கர் என்ற ஆசிரியர் தான் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசாகக் கொடுக்கிறார். 1956 அக்டோபரில் நாக்பூர். அடுத்த ஆண்டு, அவர் மறைந்த பிறகு, 'புத்தரும் அவர் தம்மமும்' வெளிவருகிறது. பரிசுக்கும் தீட்சைக்கும் நடுவே 49 ஆண்டுகள். இடையில் அந்தப் பொருள் குறித்து எவ்வளவு வாங்கினார், எவ்வளவு படித்தார் என்பதை அந்தக் கடைசி நூலைத் திறந்தால் தெரிந்துகொள்ளலாம்.

இன்னொன்று ஜான் டூயி எழுதிய 'ஜனநாயகமும் கல்வியும்'. வெளிவந்தது 1916. டூயி கொலம்பியாவில் அம்பேத்கருக்கு ஆசிரியர். அந்த நூலின் சிந்தனை இருபது ஆண்டு கழித்து, 1936இல், 'சாதி ஒழிப்பு' உரையில் வந்து நிற்கிறது. சமூகம் பழையதில் எதைக் காக்க வேண்டும், எதைக் கழிக்க வேண்டும் என்று அவர் வாதிடும் இடத்தில் ஆசிரியரின் பெயரையே சொல்கிறார். அம்பேத்கர் அடிக்கோடிட்ட டூயி புத்தகங்கள் மும்பை சித்தார்த்தா கல்லூரியில் இருக்கின்றன, ஆய்வாளர்கள் போய்ப் பார்க்கிறார்கள். இருபது ஆண்டு அலமாரியில் காத்திருந்த ஒரு புத்தகம் இந்தியாவின் மிகக் கூர்மையான சாதி எதிர்ப்பு உரைக்குள் நுழைந்தது. அந்த உரையைப் பேசவே விடாமல் லாகூர் மாநாட்டை ரத்து செய்தார்கள். அவரே சொந்தச் செலவில் அச்சிட்டார். 1500 படிகள் இரண்டு மாதத்தில் தீர்ந்தன. பெரியார் அதைக் 'குடி அரசு' வழியாகத் தமிழுக்குக் கொண்டுவந்தார், 'ஜாதியை ஒழிக்க வழி' என்று சிறு நூலாகவும் வந்தது. ஓர் அலமாரியில் இருந்தது ஐந்தாறு மொழிகளில் தெருவுக்கு வந்துவிட்டது.

ஆகவே வாங்கியதை வாங்கிய மாதமே படிக்க வேண்டும் என்பதை நான் ஏற்கவில்லை. படிக்காத புத்தகம் எல்லாமே வீண் புத்தகம் அல்ல. ஆனால் இதோடு நிறுத்திவிட்டுக் கைதட்டிக் கலைந்தால் நமக்கு வசதியாகப் போய்விடும். 'பாபாசாகேபே வாங்கினார், நானும் வாங்குகிறேன்' என்று இணைய வண்டியில் இன்னும் நாலு புத்தகம் ஏற்றுவோம். மூன்றாவது கேள்வி மிச்சம் இருக்கிறது. யார் விலை கொடுத்தார்கள்?

அக்காக்களின் நகையைச் சொன்னேன். அடுத்தது ரமாபாய். கணவர் வெளிநாட்டில் இருந்த ஆண்டுகளில் சாணம் பொறுக்கி வறட்டி தட்டி விற்றுக் குடும்பத்தை ஓட்டியவர். ஐந்து குழந்தைகளில் நான்கு பேரைப் பறிகொடுத்தவர். ராஜகிருகம் எழும்பிக் கொஞ்ச காலத்திலேயே, 1935இல் இறந்துபோனார். பாபாசாகேப் இதை மறைத்தவர் இல்லை, ரமாபாயின் தியாகத்தை எழுத்தில் ஒப்புக்கொண்டவர், அவருக்கு ஒரு நூலையே படைத்தவர். நாம்தான் ஐம்பதாயிரம் என்ற எண்ணை மட்டும் சுவரொட்டியில் போட்டுவிட்டு அந்த வறட்டியை விட்டுவிடுகிறோம். ஒரு வீட்டில் ஒருவர் மேல்தளத்தில் படிக்கிறார் என்றால் கீழ்த்தளத்தில் ஒருவர் அடுப்பைப் பார்த்துக்கொள்கிறார். இன்றைக்கும் ஆண் தோழர்களின் அலமாரியைத் தூசி தட்டுவது யார், அந்த அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்துப் படிக்க அவருக்கு நேரம் கிடைக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம். நம் வீடுகளில் அம்மாவின் சங்கம், தங்கையின் படிப்புச் செலவு, அப்பாவின் கூடுதல் நேர வேலை என ஏதோ ஒன்று நம் ஒவ்வொரு புத்தகத்துக்குள்ளும் இருக்கிறது. அதனால்தான் படிக்காத புத்தகத்தைக் கடன் என்று சொல்கிறேன். குற்றவுணர்ச்சி வேண்டாம், கடனுக்கு அதனால் பயனில்லை. அடைக்கத்தான் வேண்டும்.

எப்படி அடைப்பது என்பதற்கு முன், நாம் இருக்கும் இந்தப் பகுதியைக் கொஞ்சம் சுற்றிப் பார்ப்போம். ஆழ்வார்பேட்டையில் உட்கார்ந்து புத்தகத்தைப் பேசுவதில் ஒரு வரலாறு இருக்கிறது.

இங்கிருந்து தெற்கே நடக்கிற தூரத்தில் லஸ் சர்ச் சாலை. அதன் நடைபாதையில் பல பத்தாண்டுகளாக 'ஆழ்வார் கடை' என்று எல்லோரும் சொன்ன பழைய புத்தகக் கடை இருந்தது. கூரை என்று சொன்னால் தார்ப்பாய்தான். மயிலாப்பூரில் ஒரு பெரியவர் இறந்து, பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தால், அந்த வீட்டு அலமாரி இப்படிப்பட்ட நடைபாதைக்குத்தான் வந்து சேரும். மூன்று தலைமுறை சேர்த்தது கிலோ கணக்கில் கைமாறும். நம்மில் பலர் முதல் ஆங்கிலப் புத்தகத்தை அப்படி ஒரு நடைபாதையில்தான் வாங்கினோம், உள்ளே யாரோ ஒரு வழக்கறிஞரின் கையெழுத்தோடு. அவர்களுக்குத் தாத்தாவிடமிருந்து வந்தது நமக்குத் தார்ப்பாயிலிருந்து வந்தது. இதே வேலையைப் பெரிய அளவில் செய்த மூர் மார்க்கெட் 1985இல் எரிந்துபோனது.

வடக்கே நடந்தால் இராயப்பேட்டை. 1907 ஜூனில் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய இடம். விலை பெயரிலேயே இருக்கிறது. அடுத்த ஆண்டு 'தமிழன்' ஆனது. 1914இல் பண்டிதர் மறைந்தார். பிறகு அந்த இதழ்கள் எங்கே போயின? அரசு நூலகத்தில் முழு வரிசையாகக் கட்டி வைத்திருந்தார்களா? இல்லை. பல்கலைக்கழகம் காத்ததா? இல்லை. அன்பு பொன்னோவியம் போன்ற தலித் அறிஞர்கள் தங்கள் வீடுகளில் காத்து வைத்திருந்தார்கள். மங்கிய, ஓரம் உதிர்கிற தாள்களை எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று எத்தனை பேர் கேட்டிருப்பார்கள். அந்தச் சேகரத்தின் துணையோடுதான் ஞான. அலாய்சியஸ் 1999இல் 'அயோத்திதாசர் சிந்தனைகள்' தொகுதிகளைக் கொண்டுவர முடிந்தது. அதன் பிறகுதான் தமிழ் நவீனத்துவத்தின் வரலாற்றையே திருத்தி எழுத வேண்டி வந்தது. நாம் இன்று மேடையில் சொல்கிற அயோத்திதாசர் ஏதோ ஒரு வீட்டுப் பரணிலிருந்து இறங்கி வந்தவர்.

பண்டிதரே இன்னொரு செய்தியைப் பதிவு செய்திருக்கிறார். ஆரிங்டன் துரை வீட்டில் பட்லராக இருந்த தன் பாட்டன் கந்தப்பன், தன்னிடமிருந்த திருக்குறள் ஏடுகளை எல்லிஸ் துரையிடம் சேர்ப்பித்தார் என்று. கல்விக்கு உரியவர்கள் என்று யாரைச் சொன்னார்களோ அவர்களிடம் மட்டும் ஏடு இருக்கவில்லை. பட்லர் வீட்டிலும் இருந்தது. வைத்திருந்தவர் பெயர் வரலாற்றிலிருந்து விழுந்துவிட்டது, பேரன் எழுதியதால் திரும்பக் கிடைத்தது.

கிடைக்காதவற்றின் பட்டியல் இதைவிடப் பெரியது. ஜெ. பாலசுப்பிரமணியம் 1869 முதல் 1943 வரையிலான தலித் இதழ்களைப் பற்றி எழுதிய நூலைப் பாருங்கள். எத்தனை இதழ்களின் பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது, ஒரு படிகூடக் கையில் இல்லை! இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தொடங்கிய 'பறையன்' எவ்வளவு முக்கியமான இதழ்! அதன் பக்கங்களைப் புரட்ட நம்மால் முடிகிறதா? இதையெல்லாம் யாரோ ஒருவர் 'வாங்கிக் குவித்து', படிக்காமலேகூட ஒரு பெட்டியில் போட்டு வைத்திருந்தால் போதும், இன்று எத்தனை ஆய்வேடுகள் வேறு மாதிரி இருந்திருக்கும்!

அந்தப் பெட்டியை எங்கே வைப்பது? இங்கேதான் சாதி வந்து உட்காருகிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். தமிழ் அச்சு நூல்களையும் இதழ்களையும் துண்டறிக்கைகளையும் வெறியோடு சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது, அது சென்னையிலேயே ஆய்வு நூலகமாக நிலைத்தது. தமிழில் ஆய்வு செய்கிற யாரும் அவருக்கு நன்றிக்கடன் பட்டவர்கள். நானும்தான். ஆனால் அப்படிச் சேர்க்க ஒரு செட்டிநாட்டு வீடு வேண்டியிருந்தது. நனையாத சுவர், ஐம்பது ஆண்டு காலி செய்யச் சொல்லாத கூரை. அவர் ஆர்வத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. அதே ஆர்வம் கொண்ட ஒருவர் கூவம் கரையில் குடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்கிறேன். ஒரு காலையில் புல்டோசர் வரும். கண்ணகி நகருக்கோ பெரும்பாக்கத்துக்கோ லாரியில் ஏற்றுவார்கள். லாரியில் முதலில் ஏறுவது கேஸ் சிலிண்டரும் பாத்திரமும். கடைசியில் விட்டுப்போவது காகிதம். மிஞ்சியதை 2015 வெள்ளமும் 2023 மிக்ஜாம் வெள்ளமும் தரைத்தள வீடுகளில் கூழாக்கின. ஓர் அலமாரிக்கு முதல் தேவை புத்தகம் அன்று, சொந்தமாக ஒரு சுவர்.

ராஜகிருகத்துக்கே அந்தச் சுவர் பாதுகாப்பாக இல்லை. 2020 ஜூலையில் அங்கே புகுந்து சன்னலையும் பூந்தொட்டிகளையும் கேமராவையும் உடைத்தார்கள். யாழ்ப்பாணத்தில் 1981இல் பொது நூலகத்தையே கொளுத்தினார்கள், 97,000 புத்தகங்கள். நம் கையில் புத்தகம் இருப்பது சிலருக்கு எவ்வளவு உறுத்துகிறது என்பதை நாம் மறந்தாலும் அவர்கள் மறப்பதில்லை.

இப்போது நம்மிடம் வருவோம். ஆய்வு மாணவர் என்ற முறையில் நான் தினமும் பார்க்கிற ஒன்று. கருத்தரங்கில் ஒருவர் மூன்று பிரெஞ்சுப் பெயர்களை உதிர்க்கிறார். 'இதைக்கூடப் படிக்கவில்லையா?' என்று ஒரு பார்வை வருகிறது. பார்வைதான், வார்த்தைகூட இல்லை. அன்று இரவே விடுதி அறையில் அந்த மூன்று பெயர்களையும் தேடி வாங்குவதற்குப் பொத்தானை அழுத்துகிறோம், உதவித்தொகை வந்து நாலு மாதம் ஆகியிருந்தாலும். முதல் தலைமுறையாகப் பல்கலைக்கழகத்துக்குள் வந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அந்தப் புத்தகம் நுழைவுச்சீட்டு மாதிரி. நானும் இங்கே உட்காரத் தகுந்தவன் என்று சொல்லிக்கொள்ள அதைக் கையில் வைத்திருக்கிறோம். நுழைவுச்சீட்டை யாரும் படிப்பதில்லை, சட்டைப்பையில் வைத்திருந்தால் போதும். அதனால்தான் அது படிக்கப்படாமலே கிடக்கிறது.

பாபாசாகேபின் குவிப்புக்கும் இந்தக் குவிப்புக்கும் வேறுபாடு இங்கே இருக்கிறது. அவர் தன் கேள்விகளுக்காக வாங்கினார். சாதி எப்படித் தோன்றியது? சூத்திரர் யார்? தீண்டாமை எப்போது வந்தது? ரூபாயின் சிக்கல் என்ன? ஒவ்வொரு கேள்வியும் ஒரு நூலாக வெளிவந்தது. நாம் பல நேரம் அடுத்தவர் பட்டியலுக்காக வாங்குகிறோம். நம்மை அவமானப்படுத்தியவரின் பட்டியலை நம் காசில் நிரப்பிக் கொடுக்கிறோம். அந்தப் பிரெஞ்சு நூல் நம் கேள்விக்கு வேண்டுமென்றால் கட்டாயம் வாங்குவோம், படிப்போம், மறுப்போம். பார்வைக்குப் பயந்து வாங்க வேண்டாம்.

நம் பக்கத்திலும் ஒரு காட்சிப்படுத்தல் வளர்ந்திருக்கிறது. கண்காட்சியில் வாங்கிய அடுக்கைத் தரையில் பரப்பி ஒரு படம், ஒரு ரீல்ஸ். அம்பேத்கரின் தமிழ்த் தொகுப்பு 37 தொகுதிகள். நீல வரிசையாக அலமாரியில் அழகாக நிற்கும். எத்தனை பேர் வீட்டில் முதல் தொகுதியிலேயே அடையாள நாடா நின்றுபோயிருக்கிறது? அந்தத் தொகுப்பு நம் கைக்கு வந்த கதையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அவர் மறைந்த பிறகு கையெழுத்துப் படிகள் ஆண்டுக்கணக்கில் பெட்டிகளில் அடைந்து கிடந்தன. மகாராட்டிர அரசு 1979இல்தான் முதல் தொகுதியை வெளியிட்டது. வசந்த் மூன் என்ற பதிப்பாசிரியரின் உழைப்பு அது. 'இந்துமதத்தில் புதிர்கள்' வெளிவந்தது 1987இல், அவர் மறைந்து 31 ஆண்டுகளுக்குப் பிறகு. வந்ததும் தடை செய்யச் சொல்லிக் கலவரம் செய்தார்கள், தலித் மக்கள் இலட்சக்கணக்கில் திரண்டு அந்த நூலைக் காத்தார்கள். தெருவில் இறங்கி மக்கள் காத்த ஒரு நூல் நம் வீட்டில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருக்கிறது என்றால், அந்த ஒன்றை மட்டும் இந்த மாதம் பிரித்துவிடுவோம்.

கடனை அடைக்கும் வழிகளாக எனக்குத் தோன்றுவதைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, வாங்குவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி: இது என் எந்தக் கேள்விக்கு? பதில் இருந்தால் வாங்குங்கள், படிக்க ஐந்து ஆண்டு ஆனாலும் பரவாயில்லை. பதில் இல்லையென்றால் நூலகத்தில் எடுத்துப் பாருங்கள்.

இரண்டாவது, மற்றவர் சேர்க்காததை நாம் சேர்ப்போம். விருது பெற்ற நாவல் பத்து ஆண்டு கழித்தும் கிடைக்கும். 1980களின் தலித் இயக்கத் துண்டறிக்கை, ஒரு சிற்றிதழின் மூன்றாவது இதழ், மாநாட்டு மலர், ஊர்ச் சங்கத்தின் கூட்டக் குறிப்பேடு, போராட்டச் சுவரொட்டி ஆகியவை போனால் போனதுதான். பழைய பேப்பர் கடை எடைத்தட்டில் அதைப் பார்த்தால் பேரம் பேசாமல் வாங்குங்கள். படிக்க நேரமில்லை என்றாலும் வாங்குங்கள். கைப்பேசியிலாவது ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து இரண்டு பேருக்கு அனுப்பி வையுங்கள். ஒரே சுவரை நம்பாதீர்கள்.

மூன்றாவது, ஒரு முறை படித்ததையும் இனிப் படிக்கப் போவதில்லை என்று தெரிந்ததையும் ஓட விடுங்கள். திராவிட இயக்கம் தெருமுனைப் படிப்பகத்தில் வளர்ந்தது. முடிதிருத்தும் கடையிலும் தேநீர்க் கடையிலும் ஒருவர் வாசிக்க நாலு பேர் கேட்டார்கள். ஒரு பத்திரிகையை முப்பது பேர் படித்தார்கள். இன்று ஒருவர் முப்பது வாங்கி மூன்றைப் படிக்கிறோம். பெரும்பாக்கத்தில், கண்ணகி நகரில், உங்கள் சொந்த ஊர்க் குடியிருப்பில் மாலை வகுப்பு நடத்தும் தோழர்கள் இருக்கிறார்கள். ஆனால் கழித்துக்கட்டியதை அங்கே கொட்டாதீர்கள். 2009ஆம் ஆண்டு போட்டித்தேர்வு வழிகாட்டி அந்தப் பிள்ளைகளுக்கும் குப்பைதான். உங்களுக்கு நெருக்கமான ஒன்றைக் கொடுங்கள், கொடுத்துவிட்டு உட்கார்ந்து சேர்ந்து வாசியுங்கள். கேளுஸ்கர் கொடுத்தது அவர் எழுதிய புத்தகம்.

நான்காவதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். நம் அலமாரி பொது நூலகத்துக்கு மாற்றாகிவிடக் கூடாது. விடுதலைக்குப் பிறகு இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் இங்கேதான் வந்தது. சொத்து வரியோடு நூலக வரியையும் இந்த ஊர் கட்டுகிறது. வீட்டுக்காரர் கட்டுகிறார் என்றால் வாடகையில் நீங்களும் கட்டுகிறீர்கள். உங்கள் வட்டாரக் கிளை நூலகத்துக்குக் கடைசியாக எப்போது போனீர்கள்? அங்கே அயோத்திதாசர் இருக்கிறாரா, கழிப்பறை இருக்கிறதா, பெண்கள் மாலை ஏழு மணிக்கு உட்கார முடிகிறதா? கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகத்தை 2010இல் திறந்தார்கள், அடுத்த ஆண்டே மருத்துவமனையாக்கப் போகிறோம் என்றது அன்றைய அரசு. நீதிமன்றத்துக்குப் போய்த்தான் நிறுத்த வேண்டியிருந்தது. இன்று அங்கே சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கும் பகுதியில் காலையிலேயே இடம்பிடிக்கும் பிள்ளைகளைப் பாருங்கள். பலருக்கு வீட்டில் மேசை கிடையாது. அவர்களுடைய ராஜகிருகம் அதுதான். அப்படி ஒன்று ஒவ்வொரு வார்டிலும் வேண்டும் என்று கேட்பது நம் வாசிப்பின் பகுதி.

கடைசியாக ஒரு வேலை. உங்கள் புத்தகங்கள் உங்களுக்குப் பிறகு எங்கே போக வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி, அலமாரியின் உள்பக்கத்தில் ஒட்டி வையுங்கள். முப்பது வயதில் இதை ஏன் எழுத வேண்டும் என்று கேட்காதீர்கள். ரோஹித்தின் பெயரைச் சொல்லும் தலைமுறை நாம், வயதை நம்பி எதையும் தள்ளிப்போடக் கற்றவர்கள் அல்லர். எழுதாமல் விட்டால் எடைத்தட்டுதான் முடிவு செய்யும்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் இரண்டு பொருள் கொண்டுவாருங்கள். உங்களிடம் உறை பிரிக்காமல் இருக்கும் ஒரு புத்தகம், அதைப் பக்கத்தில் இருப்பவரோடு மாற்றிக்கொள்வோம். உங்கள் வீட்டிலோ ஊரிலோ கிடைக்கும் பழைய இயக்கத் தாள் ஒன்று, அதைப் படமெடுத்துப் பட்டியலிடுவோம். படமெடுக்கும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். பட்டியல் எழுத இரண்டு பேர் கை தூக்குங்கள்.